எங்க கொண்டுபோய் வைக்கிறது? கிளவுட் தெரிவின் ஒரு சின்ன வரலாறு

சித்தப்பாவுக்கு வவுனியாவில் ஹாட்வெயார் கடை. கிளிநொச்சியில் ஒரு கிளையும் இருக்கு. சில மாதங்களுக்கு முன் வட்சப்பில் இரண்டு படம் அனுப்பியிருந்தார். இரண்டும் கொட்டேஷன். ஒன்று கொழும்பில் இருக்கிற ஒரு உள்ளூர்க் கொம்பனியினது, ரூபாயில். மற்றது வெளிநாட்டுப் பெரிய கொம்பனி ஒன்றின் சேவையை எடுத்துத் தருகிற முகவருடையது, டொலரில். கீழே ஒரு வொய்ஸ் மெசேஜ்: "பிள்ளை, கடைக் கணக்கு முழுக்க கிளவுட்டில போடப்போறன். நீ கம்பஸில படிக்கிறாய்தானே, இதில எது நல்லம் எண்டு பாத்துச் சொல்லு."

நான் படிக்கிறது வரலாறு. கம்பஸ் என்றால் கம்பியூட்டரும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கட குடும்பத்தின் நம்பிக்கை. அதை நான் இதுவரைக்கும் உடைக்கவில்லை.

ஆனால் விசயம் சின்னதில்லை. அந்தக் கணக்கில் இருப்பது விற்பனை மட்டும் இல்லை, கடன். வீடு கட்டுகிறவர்களுக்குக் காசு கட்டம் கட்டமாகத்தான் கையில் வரும். அதுவரைக்கும் சீமெந்தும் கம்பியும் கடனுக்குப் போகும். யார், எந்தத் திகதியில், எவ்வளவு என்பது பத்து வருசத்துக்கு மேலாக ஒரேயொரு கணினியில் இருக்கு. அது அழிந்தால், "நீங்கள் இவ்வளவு தரவேணும்" என்று போய்க் கேட்பதற்குச் சித்தப்பாவிடம் ஞாபகத்தைத் தவிர ஒன்றும் மிஞ்சாது.

இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாத விலை, எத்தனை ஜீபி இடம், "99.9 வீதம் இயங்கும் உத்தரவாதம்", 24 மணிநேரத் தொலைபேசி உதவி. இரண்டிலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஒரு ஆவணத்தில் இருப்பதை வாசித்த பிறகு இல்லாததையும் தேடு என்று எங்களுக்கு முதல் வருசத்திலேயே சொல்லித்தருவார்கள். இல்லாதது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அதனால், இதுவரைக்கும் ஆட்கள் எப்படித் தெரிவு செய்தார்கள், தெரிவு செய்தபின் என்ன நடந்தது என்று வாசிக்கத் தொடங்கினேன். கிளவுட்டின் வரலாறு என்று இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் விற்றவர்களின் வரலாறு: இந்த வருசம் அமேசன் வந்தது, இந்த வருசம் மைக்ரோசொஃப்ட் வந்தது. வாங்கினவர்களின் வரலாறு சிதறிக் கிடக்கிறது. அதைச் சேர்த்து வாசித்தால் ஒரு விசயம் தெரியும். வாடிக்கையாளர்கள் இன்றைக்குக் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் யாரோ ஒருவர் நட்டப்பட்ட பிறகுதான் கேள்வியாக மாறியிருக்கு.

தொடக்கம் நாங்கள் நினைப்பதை விடப் பழசு. 1961இல் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஜோன் மக்கார்த்தி என்ற கணினி அறிஞர், தொலைபேசி மாதிரிக் கணிமையும் ஒருநாள் பொதுச் சேவையாகலாம் என்று பேசினார். 1960களிலேயே அமெரிக்காவில் கொம்பனிகள் தொலைபேசி இணைப்பு வழியாக வேறொருவரின் பெரிய கணினியில் நேரம் வாடகைக்கு எடுத்தன. மின்சார பில் மாதிரி, பாவித்ததற்குக் காசு. பிறகு மேசைக் கணினிகள் மலிவாக வந்தன, ஆளாளுக்குச் சொந்தமாக வாங்கினார்கள், அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

திரும்ப எழும்பியது 2006இல். அந்த வருசம் மார்ச்சில் அமேசன் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் திறந்தது. ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 15 சதம், அமெரிக்கச் சதம். ஓகஸ்டில் கணினியையே வாடகைக்குக் கொடுக்கும் ஈசி2 வந்தது, மணித்தியாலத்துக்கு 10 சதம். விலையை விட எனக்குப் பெரிதாகப் பட்டது வாங்குகிற விதம். கூட்டம் இல்லை, கையெழுத்து இல்லை, விற்பனை ஆள் கோட் போட்டுக்கொண்டு வரத் தேவையில்லை. கடனட்டை இலக்கத்தைக் கொடுத்தால் முடிந்தது. அந்தக் காலத்தில் சின்னக் கொம்பனிகள் கேட்ட முதல் கேள்வி "எவ்வளவு?" என்பதுதான். போட்டிக் கொம்பனிகள் இன்னும் சரியாக வந்திருக்காத நேரத்தில் வேறென்ன கேட்கிறது?

வேறு கேள்வியோடு வந்தவர்கள் நெட்ஃபிளிக்ஸ்காரர். 2008 ஓகஸ்டில் அவர்களுடைய தரவுத்தளம் பழுதாகி, மூன்று நாட்களுக்கு வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அப்போது அவர்களின் முக்கியமான வியாபாரம் தபாலில் டிவிடி அனுப்புவது. தங்கட சொந்த இடத்தில், சொந்தச் சேர்வரில் நடந்த விபத்து இது. அதன் பிறகு கிளவுட்டுக்குப் போக முடிவெடுத்து, தெரிவு செய்தது அமேசனை. சில வருசத்தில் அதே அமேசன் படம் காட்டும் சேவை தொடங்கி அவர்களுக்கே போட்டியானது. எதிரியின் களஞ்சியத்தில் நெல்லைக் கொண்டுபோய் வைத்த மாதிரி. ஆனாலும் விடவில்லை. இடம் மாறி முடிக்க 2016 ஜனவரி ஆனது. ஏழு வருசம்! இருந்ததை அப்படியே தூக்கி வைக்காமல், ஒரு பகுதி விழுந்தாலும் மற்றது நிற்கிற மாதிரி முழுவதையும் திரும்பக் கட்டியதால்தான் அவ்வளவு காலம்.

அதன் பலன் 2011 ஏப்ரல் 21இல் தெரிந்தது. வேர்ஜீனியாவில் இருந்த அமேசன் நிலையத்தில் பெரிய பழுது. ரெடிட், குவோரா, ஃபோர்ஸ்குவயார் எல்லாம் விழுந்தன. அந்தப் பிராந்தியத்திலிருந்த சேமிப்பு அலகுகளில் 0.07 வீதம் திரும்பக் கிடைக்கவேயில்லை. கேட்கச் சின்ன எண்தான், அந்த 0.07க்குள் உங்கட கடை இல்லாத வரைக்கும். நெட்ஃபிளிக்ஸ் அன்றைக்குப் பெரிய பாதிப்பில்லாமல் தப்பியது. விழுந்தவர்களும் தப்பியவர்களும் ஒரே வழங்குநரின் வாடிக்கையாளர்கள். எவரிடம் வைத்தார்கள் என்பதை விட எப்படிப் பிரித்து வைத்தார்கள் என்பதுதான் அன்றைக்கு வித்தியாசமாக இருந்தது. (நெட்ஃபிளிக்ஸைப் பெரிய ஞானியாக்கவும் தேவையில்லை. 2012 நத்தாருக்கு முதல் நாள் இரவு, எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்த நேரத்தில், அமேசனின் இன்னொரு பழுதில் அவர்களும் விழுந்தார்கள்.)

இனி அந்த 99.9 வீதம். சித்தப்பாவுக்கு மிகவும் பிடித்த வரி அது. "நூறுக்குக் கிட்ட எல்லே" என்றார். வருசத்தில் 8,760 மணித்தியாலம். அதில் 0.1 வீதம் என்றால் எட்டே முக்கால் மணித்தியாலம் வேலை செய்யாமல் இருக்கலாம், அப்போதும் அவர்கள் வாக்கு மீறியதாகாது. மீறினால் என்ன என்பது அதைவிட முக்கியம். எஸ்3க்கு 2007 ஒக்டோபரில் அமேசன் கொடுத்த முதல் உத்தரவாதத்தைப் பாருங்கள். ஒரு மாதத்தில் 99.9க்குக் கீழே போனால் பில்லில் 10 வீதம் கழிவு, 99க்குக் கீழே போனால் 25 வீதம். பிறகு வந்த பல கொம்பனிகளும் இதே வடிவத்தைத்தான் பின்பற்றின. மாதம் 10,000 ரூபாய் கட்டுகிற கடை எட்டு மணித்தியாலம் முடங்கினால் அடுத்த பில்லில் 2,500 ரூபாய் குறையும். அன்றைக்கு விற்காமல் போன சீமெந்துக்கு ஒன்றும் இல்லை. தொலைந்த கடன் கணக்குக்கும் ஒன்றும் இல்லை. உத்தரவாதம் என்ற சொல்லை நாங்கள் பிணை நிற்பது என்று விளங்கிக்கொள்கிறோம். அந்தத் தாளில் அதன் அர்த்தம் கழிவு விலை.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது அவ்வளவு பேர் கேள்விப்பட்டிராத ஒரு கொம்பனியின் கதை. நிர்வானிக்ஸ். அமெரிக்காவின் சான் டியாகோவில் இருந்தது, கிளவுட் சேமிப்பு மட்டும் விற்றது. 2013 செப்டெம்பர் நடுவில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி: மாதக் கடைசிக்குள் உங்கட தரவை எடுத்துக்கொண்டு போங்கோ. இரண்டு கிழமை. பிறகு ஒக்டோபர் 15 வரைக்கும் நீட்டினார்கள், அதற்கிடையில் ஒக்டோபர் 1இல் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தார்கள். இரண்டு கிழமை போதாதா என்று கேட்கலாம். கணக்குப் பார்த்தேன். ஒரு பெற்றாபைட், அதாவது பத்து லட்சம் ஜிகாபைட் தரவை, விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகமான இணைப்பில், ஒரு நிமிடமும் நிற்காமல் இறக்கினால் 90 நாளுக்கு மேல் எடுக்கும். எல்லா வாடிக்கையாளரும் ஒரே வாசலால் ஒரே நேரத்தில் வெளியேற முண்டியடித்தால் அதுவும் நடக்காது. உள்ளே போக எவ்வளவு என்று கேட்டவர்கள், வெளியே வர எவ்வளவு காலம் என்று கேட்டிருக்கவில்லை.

வெளியே வர எவ்வளவு காசு என்பதும் கேட்காத கேள்வியாகத்தான் கன காலம் இருந்தது. தரவை உள்ளே போடும்போது காசு இல்லை, வெளியே எடுக்கும்போது ஜிகாபைட் கணக்கில் காசு. பெரிய ஆட்களுக்கு இது பெரிய விசயமில்லை. ட்ரொப்பொக்ஸ் 2016 மார்ச்சில், தன் பாவனையாளர் தரவில் 90 வீதத்துக்கு மேல் அமேசனிலிருந்து சொந்தக் கட்டமைப்புக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தது. அதற்கு அடுத்த இரண்டு வருசத்தில் இயக்கச் செலவில் கிட்டத்தட்ட 75 மில்லியன் டொலர் மிச்சம். சின்னக் கொம்பனி அப்படிக் கிளம்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தத் தரவுச் சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, 2027இலிருந்து மாறிப்போவதற்குக் கட்டணம் அறவிட முடியாது. 2024இன் முதல் மூன்று மாதத்துக்குள் கூகிள், அமேசன், மைக்ரோசொஃப்ட் மூன்றும் எங்களை விட்டு முழுதாகப் போகிறவர்களிடம் வெளியேற்றக் கட்டணம் எடுக்கமாட்டோம் என்று அறிவித்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பிரதி பற்றிய கேள்விக்கு வருவோம். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற கொம்பனி, மென்பொருள் எழுதுபவர்களின் வேலையைப் பாதுகாத்து வைக்கிற கொம்பனி, ஒரே நாளில் இல்லாமல் போனது. யாரோ அவர்களின் அமேசன் கணக்குக்குள் புகுந்து, காசு கேட்டு மிரட்டி, கடைசியில் தரவை அழித்துவிட்டார்கள். பக்கப் எடுக்கவில்லையா? எடுத்திருந்தார்கள். ஆனால் அதே கணக்குக்குள். ஒரே திறப்பு எல்லாப் பூட்டுக்கும்.

2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் என்ற ஐரோப்பாவின் பெரிய வழங்குநரின் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது, பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் போனது. ரஸ்ட் என்ற விளையாட்டின் ஐரோப்பிய சேர்வர் 25 அழிந்து, விளையாடியவர்களின் தரவு திரும்ப வரவில்லை. விளையாட்டுத்தானே என்று விடலாம். பக்கப்புக்குத் தனியாகக் காசு கட்டின கொம்பனிகள் சிலவற்றுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்தப் பக்கப்பும் அதே இடத்தில் இருந்தது என்று. ஒரு சின்னக் கொம்பனி வழக்குப் போட்டது. 2023இல் பிரெஞ்சு நீதிமன்றம், வேறாக வைப்பதாகச் சொல்லிவிட்டு அதே கட்டடத்தில் வைத்தது பிழை என்று நட்டஈடு கொடுக்கச் சொன்னது. கிளவுட் என்ற பெயர் இருக்கிறதே, எங்கட தமிழில் முகில் என்றும் எழுதுகிறோம், அது வானத்தில் எங்கேயோ மிதக்கிறது என்ற நினைப்பைத் தருகிறது. அது ஒரு கட்டடம். அதற்கு வயரிங் இருக்கு, பற்றரி இருக்கு, தீப்பிடிக்கும்.

இதை வாசிக்கும்போது எங்களில் யாருக்கும் வேறொரு கட்டடம் ஞாபகம் வராமல் இருக்காது. 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது, ஸ்ட்ராஸ்பேர்க் விபத்து. இரண்டையும் ஒன்றாக வைக்கக்கூடாது, எனக்குத் தெரியும். ஆனால் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போனபோது, அதில் வேறெங்கும் பிரதி இல்லாதவை மட்டும்தான் உண்மையில் முழுதாக அழிந்தவை. மற்றவற்றைக் காசு சேர்த்துத் திரும்ப வாங்கலாம். 2005இலிருந்து நூலகம் இணையத்தளத்துக்காகப் பழைய சஞ்சிகைகளை ஸ்கான் பண்ணுகிறவர்கள் செய்வதும் அதைத்தான், இரண்டாவது பிரதியை வேறிடத்தில் வைப்பது. அந்த வேலையின் பெறுமதியை எங்கட ஊர் விளங்கிக்கொண்ட விதம், கிளவுட் வாடிக்கையாளர் எவரும் விளங்கிக்கொண்டதை விடக் கொடூரமானது.

பெரிய கொம்பனியிடம் வைத்தால் இந்தப் பிரச்சினை வராதா? 2024 மேயில் அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர்களின் ஓய்வூதியக் காசைப் பராமரிக்கும் நிதியம், ஒரு கிழமைக்கு மேல் முடங்கியது. காரணம் கள்ளன் இல்லை, நெருப்பு இல்லை. கூகிள் பக்கத்தில் அமைக்கும்போது ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டதால், ஒரு வருசம் முடிந்ததும் அவர்களின் தனிக் கிளவுட் தானாகவே அழிந்தது. இரண்டு வேறு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள், இரண்டும் ஒரே சந்தாவின் கீழ் இருந்ததால் இரண்டும் சேர்ந்து போயின. இன்னொரு வழங்குநரிடமும் பக்கப் வைத்திருந்தது மீண்டு வர உதவியது.

எங்கட நாட்டிலும் கதை இருக்கு. 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க கிளவுட்டைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின, ஏனென்றால் அந்தக் காலப்பகுதிக்குப் பக்கப் இல்லை. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். வரலாறு படிக்கிற ஆளாக எனக்கு இது வேறு விதமாகவும் உறைத்தது. 2023இன் மூன்று மாத அரசாங்கத்தை எழுதப்போகிற எவருக்கும் அந்த மூலங்கள் கிடைக்காது.

அப்போ சித்தப்பாவுக்கு என்ன சொல்கிறது? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதின ஒப்பீட்டுக் கட்டுரைகளில் எங்கட 2022 இல்லை. அந்த வருசம் மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மேயில் 360 அளவில். மாதம் 100 டொலர் பில் 20,000இலிருந்து 36,000 ஆனது, பாவனை ஒரு ஜீபிகூடக் கூடாமல். அந்தப் பக்கம் பார்த்தால் ரூபாய்க் கொம்பனிதான் சரி. ஆனால் அதே மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை. இதைச் சொன்னதும் சித்தப்பா கேட்டார், "அப்ப கொழும்பில இருக்கிற அவையின்ர மிசினும் நிண்டிருக்குந்தானே?" நல்ல கேள்வி. என்னட்டப் பதில் இல்லை, ஆகவே இரண்டு பேருக்கும் போன் எடுத்தேன்.

முகவர் விலையைப் பற்றி நன்றாகப் பேசினார். தரவு எந்த நாட்டில் இருக்கும் என்று தெளிவாகச் சொன்னார். இரண்டாவது பிரதி வேறு இடத்தில் இருக்குமா என்றதும், "அது தனி பில், மிஸ்" என்றார். உள்ளூர்க் கொம்பனியில் கதைத்த பெடியன் ஜெனரேற்றர் இருக்கு என்றான், 2022இல் ஓடினதா என்றதற்கு "அப்ப நான் இங்க வேலை செய்யேல்ல அக்கா" என்றான். கணக்கை முழுக்கத் திருப்பி எடுக்கவேண்டும் என்றால் எந்த வடிவத்தில் தருவீங்கள், கடைசியாக ஒரு பக்கப்பைத் திறந்து பார்த்தது எப்போது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்பிடி ஒருத்தரும் கேக்கேல்ல. கேட்டுச் சொல்லுறன்." அடுத்த நாள் உண்மையாகவே எடுத்துச் சொன்னான். என் மனதில் அவர்கள் முன்னுக்கு வந்தது அதனால்தான், அது அறிவுபூர்வமான காரணமா என்று தெரியவில்லை.

சித்தப்பா ரூபாய்க் கொம்பனியை எடுத்தார். ஒவ்வொரு சனியும் முழுக் கணக்கையும் ஒரு டிஸ்க்கில் இறக்கி, கிளிநொச்சிக் கிளைக்குப் போகிற லொறியில் அனுப்பவேண்டும் என்பது என் நிபந்தனை. லொறி எப்படியும் போகிறது.

முதல் சனி நானும் போயிருந்தேன். இறக்கினதை வேறொரு கணினியில் திறந்தோம். தொகை எல்லாம் சரி, திகதி சரி. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிடந்தது. கடையில் இத்தனை வருசமாகப் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார்கள். கடைக் கணினியில் அது தமிழாகத் தெரியும், எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் குப்பை. எவ்வளவு தரவேணும் என்பது தப்பியிருந்தது, யார் தரவேணும் என்பது இல்லை.

யூனிகோட்டுக்கு மாற்றுகிற கருவிகள் இருக்கு, ஆனால் பாமினியும் ஆங்கிலமும் கலந்த வரிகளில் அவை குழம்பும். ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேணும். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார். "47,350... இது நெடுங்கேணி வாத்தியார். 12,800, அது பம்பைமடு அக்கா, பெயின்ற் எடுத்தவ. எழுது." நான் எழுதினேன். பின்னேரம் கடை பூட்டும்போது இருநூற்றுச் சொச்சம் பெயர் முடிந்திருந்தது.